பூட்டி வைத்தால் பாழாகும் மண்டபம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தைப் பேருந்தில் கடந்து போனவர்களுக்குக் கணக்கில்லை. உள்ளே உட்கார்ந்து ஒரு நாடகமோ கூட்டமோ பார்த்தவர்கள் எத்தனை பேர்? மண்டபத்தின் நோய் இங்கேதான் தொடங்குகிறது.

விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழா நினைவாகப் பெயர் பெற்ற கட்டடம் இது. ராபர்ட் சிஸம் வடிவமைக்க, நம்பெருமாள் செட்டி கட்டினார். 1897இல் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபை, பல ஆண்டுகள் இங்கே நாடகம் போட்டது. பகலில் கோர்ட்டில் வாதாடிய வக்கீல்கள் மாலையில் அரிதாரம் பூசினார்கள். படித்தவர்கள் மேடையேறுவது கௌரவக் குறைச்சல் அல்ல என்று ஊருக்குப் புரியவைத்ததில் இந்த மேடைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் சலனப்படம் முதலில் காட்டப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. அதே சினிமாதான் பின்னாளில் நாடகக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போனது. ஆள் வரத்து குறைந்தது, கதவு சாத்தப்பட்டது, கட்டடம் சீரழிந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாயில் மாநகராட்சி இதைப் புதுப்பிக்க முன்வந்தது நல்ல காரியம். பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை இல்லை. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர் ஈரத்தை உறிஞ்சும். பிறகு தானே உலர்ந்துகொள்ளும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். ஊருக்கு ஊர் பழைய கோயில்களையும் சத்திரங்களையும் இப்படித்தான் 'திருப்பணி' செய்து கெடுத்திருக்கிறோம். நீற்றிய சுண்ணாம்பைப் பதமாகக் குழைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்களைத் தேடிப் பிடிப்பதே இன்று பெரும்பாடு.

ஆனால், சுவரைத் தேற்றியபின் என்ன செய்வது? காட்சிக்கூடமாக மட்டும் வைத்தால் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள். அதிக வாடகை வைத்தால் பெரிய நிறுவன விழாக்கள்தான் நடக்கும். இரண்டுமே பொது மண்டபம் என்ற பெயருக்குப் பொருந்தாது. அன்றாடம் ஆள் புழங்கினால்தான் ஒழுகுகிற கூரை அன்றைக்கே கண்ணில் படும். கேட்கவும் நாலு பேர் இருப்பார்கள்.

மாநகராட்சி இரண்டு காரியங்கள் செய்யலாம். சிறு நாடகக் குழுக்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் வாரத்தில் சில மாலைகளைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும். பராமரிப்புக்கென ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தனித்தொகை வைக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் முப்பது ஆண்டுகளில் இன்னொரு டெண்டர் விட வேண்டியிருக்கும்.