‘வெளியே போகாதீர்கள்’ என்று யாருக்குச் சொல்கிறீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று டீச்சருக்குத் தெரியும்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. இலையுதிர் காலம் வந்துவிட்டதாம். காற்றின் தரம் குறையுமாம். முதியோர், குழந்தைகள், மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெளியே போவதைத் தவிர்க்க வேண்டுமாம். ஜன்னலை மூடி வைத்து ஏர் பியூரிஃபையர் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கீழே சிவப்பு நிறத்தில் ஒரு மேப்பிள் இலைப் படம். அனுப்பியவர்கள் எல்லாரும் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறீர்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்தச் செய்தி மதுரைக்கு உதவாது என்பதோடு, மதுரையில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவிடாமலும் செய்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்த இலை. நம் ஊரில் எந்த மரமப்பா புரட்டாசியில் இலை உதிர்க்கிறது? வேம்பு உதிர்ப்பது மாசி, பங்குனியில். ஆவணியும் புரட்டாசியும் நமக்குக் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்று வகுப்பில் பாட்டாகவே சொல்ல வைத்திருக்கிறேன், மறந்துவிட்டீர்களா? புரட்டாசியைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரே வரியில் சொல்லி வைத்தார்கள்: பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். 2024இல் இரண்டையும் ஐந்து வார இடைவெளியில் பார்த்தோமே. செப்டம்பர் நடுவில் விமான நிலையத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. அக்டோபர் 25ஆம் தேதி சில மணி நேர மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இதுதான் நம் ஊரின் ‘இலையுதிர் காலம்’.

நம் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது நமக்கு வருவது ஈரம் வடிந்த காற்று. ஆடி, ஆவணியில் அந்தக் காற்று வேகமாக அடித்துப் புழுதியைக் கிளப்பும், ஆனால் கலைத்தும் விடும். புரட்டாசியில் காற்று அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20ஐ ஒட்டி. அதுவரை பெரிய காற்றும் இல்லை, நிச்சயமான மழையும் இல்லை. கிளம்பிய தூசு தெரு மட்டத்திலேயே, அதாவது ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு மட்டத்திலேயே நிற்கும். கூடவே புழுக்கம்.

அடுத்தது அந்த நம்பர். அமெரிக்காவில் இருக்கிற தங்கை மகன், “பெரியம்மா, மதுரையில் 137 காட்டுது, வாக்கிங் போகாதீங்க” என்கிறான். உள்ளூரில் இருக்கிற மாணவன், “டீச்சர், 83தான், திருப்திகரம்னு போட்டிருக்கு, தாராளமா போங்க” என்கிறான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் பிஎம் 2.5 என்ற நுண்துகள் 50 மைக்ரோகிராம் இருந்தால் இந்திய அட்டவணைப்படி சுமார் 83, அமெரிக்க அட்டவணைப்படி சுமார் 137. காற்று ஒன்றுதான், மார்க் போடும் வாத்தியார்கள்தான் வேறு. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு நாளைக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. நான்கில் ஒரு பங்கு! 83 என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த நம்பர் பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. வகுப்புச் சராசரி 60 என்றால் எல்லாரும் பாஸ் என்றா அர்த்தம்? நடுராத்திரி இரண்டு மணிக்குக் காலியாகக் கிடக்கும் சாலையின் காற்றையும், காலை எட்டரைக்குக் கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளை இழுக்கிற காற்றையும் கூட்டி வகுத்தால் வருவது அந்தப் பிள்ளையின் கணக்கு ஆகாது. இதற்கும் மேலே, குன்னத்தூர் சத்திரம், கோச்சடை மாதிரி இடங்களில் கையால் மாதிரி எடுக்கும் பழைய ஏற்பாடு வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்ற கணக்கில் நாடு முழுக்க நடப்பது. மற்ற நாட்களில் நம் நுரையீரலுக்கு லீவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். “வெளியே போவதைத் தவிர்க்கவும்” என்பதை யாரால் கடைப்பிடிக்க முடியும்? என்னால் முடியும். பென்ஷன் வருகிறது, வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். விடியும் முன்னே தெருக்கூட்ட வருகிற தூய்மைப் பணியாளரால் முடியுமா? மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவரால் முடியுமா? மேம்பால வேலையில் கம்பி கட்டுகிற வடமாநிலத் தம்பி தமிழில் வரும் உங்கள் ஃபார்வேர்டைப் படிக்கவே போவதில்லை. பள்ளிப் பிள்ளையால் முடியுமா? காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு வெளியே நில் என்றால் நிற்கத்தான் வேண்டும். குறுவட்டப் போட்டிக்குப் பயிற்சி என்று மத்தியானம் மூன்று மணிக்கு மைதானத்தில் ஓடு என்றால் ஓடத்தான் வேண்டும். தவிர்க்க முடிந்தவர்களுக்கு மட்டும் போய்ச் சேருகிற அறிவுரை, தவிர்க்க முடியாதவர்களை யாருடைய கணக்கிலும் வைப்பதில்லை. அவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், “அறிவிப்புக் கொடுத்தோமே” என்று கைகழுவவும் அது வசதியாக இருக்கிறது.

அறிவுரை வேறு, உத்தரவு வேறு. வளைகுடாவில் இருக்கும் என் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹாம் என்று முதலாளிக்கு அபராதம். “தொழிலாளிகளே, தயவுசெய்து வெயிலைத் தவிருங்கள்” என்று அங்கே யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. யாருக்குச் சொன்னால் நடக்குமோ அவருக்குச் சொன்னார்கள். டெல்லியில் காற்றின் அளவு ஒரு கட்டத்தைத் தாண்டினால் கட்டட வேலைகளை நிறுத்த வேண்டும், சின்ன வகுப்புகளுக்கு வீட்டிலிருந்தே பாடம் என்று படிப்படியாக விதி வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கதை. ஆனால் எழுத்தில் இருக்கிறது.

உள்ளூர் உதாரணம் வேண்டுமா? வாட்டர் பெல். கேரளப் பள்ளிகளில் 2019இல் மாநிலம் முழுக்க வந்தது, இப்போது நம் பள்ளிகளிலும் மணி அடிக்கிறது. “பிள்ளைகளே, நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று நாங்கள் தொண்டை கிழியச் சொன்ன காலத்தில் பாதிப் பிள்ளைகள் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள், கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று. மணி அடித்து, எல்லாரும் சேர்ந்து குடிக்கிறபோது குடிக்கிறார்கள். (கழிப்பறையையும் கழுவி வைத்தால் இன்னும் குடிப்பார்கள். அதைத் தனிப் பதிவாகப் போடுகிறேன்.)

நம் அரசுக்கு இது தெரியாததல்ல. வெயில் அதிகம் என்று 2023இல் பள்ளி திறப்பை ஜூன் நடுவுக்குத் தள்ளிவைத்தது. 2024இலும் ஜூன் 6ஐ 10 ஆக்கியது. ஆனால் அந்த ஏற்பாடெல்லாம் ‘கோடை’ என்று காலண்டர் சொல்கிற மாதங்களுக்கு மட்டும்தான். புரட்டாசி வெயிலுக்கு யாரும் பொறுப்பில்லை, அது கோடையில் சேராதாம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று அதில் இருக்கிறது. ஆனால் சமவெளியில் வெப்ப அலை என்று வானிலைத் துறை சொல்ல வேண்டுமானால் 40 டிகிரியும் தொட வேண்டும், வழக்கத்தைவிட நாலரை டிகிரி கூடவும் இருக்க வேண்டும். 38 டிகிரியில் புழுக்கத்தோடு மைதானத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அது எந்தப் பட்டியலிலும் வராது.

தூசுக்கு வருகிறேன். மத்திய அரசின் தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019இல் தொடங்கியது. அதில் வருகிற 131 நகரங்களில் தமிழ்நாட்டில் நான்கு: சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. நாடு முழுக்க அந்தத் திட்டப் பணத்தில் 64 சதவீதம் சாலைத் தூசுக்கே செலவானது என்று டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் கணக்குச் சொன்னது. சரி, தூசுக்காவது செலவு செய்தார்களே என்று நம் தெருக்களைப் பாருங்கள். முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், கோரிப்பாளையத்தில் பாலம். எங்கள் தெருவில் குழாய் பதித்து முடித்த பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டுப் போன ஒப்பந்தக்காரர் அதன்பின் நாலு மாதம் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் பள்ளி வேன் அதன்மேல் போகும், பின்னால் வருகிற சைக்கிள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும். தண்ணீர் லாரி வந்து தெளிக்கும், அரை மணியில் காய்ந்துவிடும்.

“அப்போ குடிநீர் வேண்டாமா, பாலம் வேண்டாமா?” என்று ஒரு மாணவன் கேட்டான். இன்ஜினியர், கேட்கத்தான் செய்வான். வேண்டும் தம்பி. தோண்டாதே என்று நான் சொல்லவில்லை. தோண்டிய மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடு, ஈரம் காயாமல் வை, வேலை முடிந்த இடத்தை உடனே மூடித் தார் போடு. இது என் ஆசையும் இல்லை. கட்டுமானத் தூசைக் கட்டுப்படுத்த இப்படியெல்லாம் செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியிலேயே விதி போட்டுவிட்டது. உன் வேலைத்தளத்தில் அந்த விதி எந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொல்கிறீர்கள். துணி மாஸ்க்கும் கைக்குட்டையும் கண்ணுக்குத் தெரிகிற புழுதியைக் கொஞ்சம் தடுக்கும். வண்டிப் புகையிலும் குப்பை எரிகிற புகையிலும் இருக்கிற பிஎம் 2.5 அதற்குள் புகுந்து போய்விடும். என்95 தடுக்கும்தான். 38 டிகிரியில் அதைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் சிமென்ட் சட்டி தூக்கச் சொல்கிறவர், முதலில் தான் ஒரு மணி நேரம் தூக்கிப் பார்க்கட்டும்.

குப்பை என்றதும் நினைவு வருகிறது. அவனியாபுரம் பக்கம் இருக்கிற மாணவர்களுக்கு வெள்ளக்கல் குப்பைக் கிடங்கைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே தீப்பிடிக்கிற நாட்களில் ஜன்னலை மூடி வைக்கச் சொல்வது பாதுகாப்பா? தகரக் கூரை வீட்டில் புரட்டாசி வெயிலில் ஜன்னலை மூடினால் உள்ளே இருப்பவர் வெந்துபோவார்.

தீபாவளியும் வருகிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம் என்றது, தமிழக அரசு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. எத்தனை வீட்டில் கடிகாரம் பார்த்தோம்? உத்தரவும் தோற்கத்தானே செய்கிறது என்பீர்கள். பார்க்க ஆள் இல்லாத உத்தரவு தோற்கத்தான் செய்யும். லட்சம் வீட்டு வாசலில் போலீஸ் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாவட்டத்தில் பள்ளிகள் எத்தனை, சாலை ஒப்பந்தக்காரர்கள் எத்தனை என்று அதிகாரிகளிடம் பட்டியல் இருக்கிறது. எண்ணிவிடலாம், கேட்டுவிடலாம். (சிவகாசி உறவுகள் கோபிக்க வேண்டாம். உங்கள் பிழைப்பின்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.)

ஆகவே ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் வெயில் 37 டிகிரியைத் தாண்டும் என்று வானிலை மையம் சொல்கிற நாட்களில் காலைக் கூட்டத்தை நிழலில் அல்லது வகுப்பறையில் நடத்தவும், மைதானப் பயிற்சியைக் காலை ஒன்பதரைக்கு முன்னதாக வைக்கவும் மாவட்டக் கல்வி அதிகாரி எழுத்தில் உத்தரவிட வேண்டும். மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் தோண்டிப்போட்ட இடங்களின் பட்டியலை, ஒப்பந்தக்காரர் பெயரோடும் மூடி முடிக்க வேண்டிய தேதியோடும், அந்தந்தத் தெருவிலேயே பலகையாக வைக்க வேண்டும். பள்ளி வாசல்களில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரை எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளந்து, சராசரியில் கலக்காமல் தனியாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வெயிலில் நின்றால்தான் பிள்ளைகள் உறுதியாக வளரும் என்று எழுத வருகிற மாமாக்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். வெயிலில் விளையாடுகிற பிள்ளைக்குக் களைத்தால் நிழலுக்கு ஓட உரிமை இருக்கிறது. வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு அது இல்லை.

தலைமை ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலைக் கூட்டத்தை வேப்பமரத்தடிக்கு மாற்ற யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஒப்பந்த வேலை செய்கிற மூன்று பேருக்குப் போனில் தனியாகப் பேசுகிறேன், எடுங்கள். வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், தண்ணீர் பாட்டிலோடு. வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் பெற்றோரை அனுப்பலாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.