எலி சொன்ன பிறகும் எங்கள் கருப்பையிடம் சாட்சி கேட்கிறார்கள்

"ஆதாரம் இருக்கிறதா?" பாகலூர், பேரிகை, தளி பக்கம் ரோஜா பசுமைக்குடில்களுக்கு வேலைக்குப் போகும் நம் பெண்களைப் பற்றி எந்த அலுவலகத்தில் பேசினாலும் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். மாதவிடாய் தள்ளிப்போகிறது, கரு தங்கவில்லை என்று சொன்னால் இரத்தசோகை என்பார்கள், சின்ன வயதில் கல்யாணம் என்பார்கள். மருந்தால்தான் என்று நிரூபியுங்கள் என்பார்கள். நிரூபிப்பது என்றால் என்ன? எத்தனை பெண்களுக்கு எத்தனை முறை கலைந்தால் அது ஆதாரம் ஆகும்?

தோழர்களே, ஆதாரம் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. நம் உடம்பில் தேட வேண்டிய அவசியமே இல்லை. அறிவியல் படிக்கும் மாணவர்கள் இதை ஊருக்குள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரு வேதிப்பொருள் ஹார்மோனைக் குழப்புமா என்று முன்கூட்டியே அறியச் சோதனைகள் இருக்கின்றன. மனித செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடத்தில் இந்தப் பொருளும் ஒட்டினால், செல் ஒளிரும்படி செய்திருப்பார்கள். அது முதல் கட்டம். அடுத்து, வயதுக்கு வராத பெண் எலிக்கு மூன்று நாள் அந்தப் பொருளைக் கொடுத்து, கருப்பையை எடுத்து எடை போடுவார்கள். கருப்பை கனத்திருந்தால் அந்தப் பொருள் பெண் ஹார்மோனைப் போல நடிக்கிறது என்று பொருள். ஆண் எலிக்கு வேறு சோதனை. விதை நீக்கிய எலிக்கு ஆண் ஹார்மோனையும் சோதிக்கும் பொருளையும் சேர்த்துக் கொடுத்து, புராஸ்டேட் போன்ற உறுப்புகள் வளர்கின்றனவா என்று பார்ப்பார்கள். வளராவிட்டால் அந்தப் பொருள் ஆண் ஹார்மோனைத் தடுக்கிறது. இவையெல்லாம் 2007, 2009-ஆம் ஆண்டுகளிலேயே ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த விதிமுறைகளாக வந்துவிட்டன. கர்ப்பமான எலிக்குக் கொடுத்து, பிறக்கும் குட்டி வளர்ந்து இனப்பெருக்கம் செய்யும் வரை தொடர்ந்து பார்க்கும் நீண்ட சோதனையும் உண்டு.

எலி வேறு, மனிதன் வேறு என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் மருந்தைப் பதிவு செய்யப் போகும்போது இவர்கள் கையில் கொண்டுபோவது இதே எலிச் சோதனையைத்தான். எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மனிதனுக்கும் ஆகாது என்பது வாதம். எலிக்கு விதை சுருங்கினால் மட்டும் எலி வெறும் எலியாகிவிடும்.

அமெரிக்காவில் டிபிசிபி என்று ஒரு மருந்து இருந்தது. மண்ணில் உள்ள நூற்புழுவைக் கொல்வது. அது எலியின் விதையைச் சுருக்குகிறது என்று 1961-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியானது. அந்த ஆய்வில் தயாரிப்பாளர்களான டவ், ஷெல் கம்பெனிகளின் பங்கே இருந்தது. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரோப் ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான், பலருக்கும் பிள்ளையே பிறக்கவில்லை என்பது தெரிந்தது. சோதித்துப் பார்த்தால் பலரது விந்தில் உயிரணுவே இல்லை. எலி சொல்லி 16 வருடம் கழித்து! அதன் பிறகும் அந்த மருந்து மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களுக்குப் போனது. அங்கே கூலிக்காரன் தோலின் நிறம் வேறு.

நம் பக்கத்துக் கதை காசர்கோடு. முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். வளரும் எலிகளின் விதையை அது பாதிக்கிறது என்று லக்னோவில் உள்ள நம் நாட்டு நச்சியல் ஆய்வு மையமே 1997-இல் வெளியிட்டது. தெளிப்பு நின்றது 2000-த்தின் இறுதியில். தெளிப்புக்கு ஆளான கிராமத்துப் பையன்கள் வயதுக்கு வருவது தாமதமாகிறது என்ற அகமதாபாத் நிறுவனத்தின் ஆய்வு 2003-இல் வந்தது. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது 2011-இல். பிள்ளைகளின் உடம்பைக் காட்டிய பிறகுதான் நாடு நம்பியது.

ஓசூருக்கு வருவோம். ரோஜாவுக்கும் மாவுக்கும் பூஞ்சை நோய் வந்தால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பவற்றில் இரண்டு பெயர்களை மனதில் வையுங்கள்: மான்கோசெப், கார்பன்டசிம். மான்கோசெப் உடம்பில் உடைந்து இடியு என்ற பொருளாகிறது. அது தைராய்டைத் தாக்கும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை தாயின் தைராய்டை நம்பித்தான் வளர்கிறது. இனப்பெருக்கத்துக்கு நச்சு, ஹார்மோனைக் குழப்பும் பொருள் என்று காரணம் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்புக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. விந்து உருவாகும் செல்களைக் கெடுக்கும் கார்பன்டசிமுக்கு அங்கே 2014-லேயே அனுமதி முடிந்தது. அவர்கள் முடிவெடுக்கப் போதுமான சாட்சி ஆய்வுக்கூட விலங்குகளிடமிருந்தே கிடைத்தது.

இங்கே? 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்வதாக ஒன்றிய அரசு வரைவு ஆணை போட்டது. இரண்டும் அதில் இருந்தன. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது இரண்டும் முழுத் தடையிலிருந்து தப்பிவிட்டன. கார்பன்டசிம் 12 சதவீதம், மான்கோசெப் 63 சதவீதம் என்று இரண்டையும் கலந்து ஒரே பொட்டலமாகவே விற்கிறார்கள். தனித்தனியாகப் பாதிப்புக் காட்டாத அளவில் உள்ள ஹார்மோன் குழப்பிகள் பல சேரும்போது பாதிப்புக் காட்டும் என்று 2002-லேயே லண்டன் ஆய்வாளர்கள் செல் சோதனையில் காட்டிவிட்டார்கள். சோதனை ஒவ்வொரு மருந்தாக நடக்கிறது. நம் பெண் மூச்சில் இழுப்பது கலவையை.

பிளாஸ்டிக் கூரைக்குள் மருந்து அடித்துவிட்டுப் போனபின் ஈரம் காயாத செடிக்குள் கைவிட்டுப் பூ வெட்டுவது யார்? மாந்தோப்பில் டேங்கைத் தோளில் சுமப்பது யார், அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது யார்? தோப்பு யார் பெயரில் இருக்கிறது, கூலிக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் வருகிறது என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும். சாதி சான்றிதழில் மட்டும் இல்லை. எந்த உடம்பு மருந்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பெண்ணின் உழைப்பால் லாபம் அடையும் முதலாளியும் அந்தச் சுமையில் பங்கேற்க வேண்டும் என்றார். கருவுற்ற பெண்ணுக்கு விடுப்பு தருவதற்கு முன்னால் கரு தங்குவதற்கே உத்தரவாதம் கேட்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

தோட்டம் மட்டும் இல்லை. ஓசூரைச் சுற்றி இப்போது எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் வருகின்றன, இளம் பெண்களை விடுதியில் தங்க வைத்து வேலை வாங்குகின்றன. 1995-இல் தென் கொரியாவில் ஒரு மின்னணு உதிரிபாக ஆலையில், 2-புரோமோபுரொப்பேன் கலந்த புதுக் கரைப்பானைப் பயன்படுத்திய பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதவிடாய் நின்றுபோனது. சினைப்பையே செயலிழந்திருந்தது. எலியில் சோதித்தது அதற்குப் பிறகு. அங்கே பெண்களே முதல் சோதனை எலிகள்.

ஆற்றையும் சொல்லாமல் விட முடியாது. பெங்களூருவின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துப் பொங்கும்போதெல்லாம் தொலைக்காட்சிகள் வருகின்றன, போகின்றன. நுரை தரும் சலவைப் பொருட்களில் ஒரு வகை சிதைந்தால் நோனைல்ஃபீனால் வரும். அது ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கும் என்று 1991-இல் பாஸ்டனில் சோட்டோவும் சோனன்ஷைனும் கண்டது தற்செயலாக. ஆய்வுக்கூடப் பிளாஸ்டிக் குழாயிலிருந்து அது கசிந்து, மார்பகப் புற்றுநோய் செல்களை வளர வைத்திருந்தது. ஐரோப்பா 2005 முதல் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. கரைந்த ஆக்சிஜனையும் பிஓடியையும் மட்டும் அளந்தால் இது அகப்படாது. அணை நீரைச் செல் சோதனைக்கு அனுப்புங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்போம்.

பூச்சிமருந்து விதிகள் 1971-இன் 37-ஆம் விதிப்படி, மருந்தடிக்கும் தொழிலாளருக்கு வேலைக்கு முன்பும் குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த விதி பெயர் சொல்லிக் கேட்கும் இரத்தப் பரிசோதனை ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளுக்கானது. தைராய்டைப் பற்றிப் பேச்சில்லை. அந்த அரைகுறை விதியாவது நடக்கிறதா என்று கேட்க நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கு மனு போடுங்கள்: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எத்தனை பேருக்கு 37-ஆம் விதிப்படி பரிசோதனை நடந்தது, பதிவேட்டின் நகல் எங்கே?

இன்னொரு வேலை. காலிப் பொட்டலத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரையும் சதவீதத்தையும் போட்டோ எடுங்கள். எந்த நாளில் அடித்தார்கள், எத்தனை மணி நேரம் கழித்து ஆளை உள்ளே விட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அக்காக்களின் பெயர் வேண்டாம், நாளும் நேரமும் மருந்தும் போதும். மா பூக்கும் மார்கழியில் மருந்தடிப்பு தொடங்கிவிடும், அதற்கு முன் நோட்டு தெருவுக்கு ஒன்றாவது போய்ச் சேர வேண்டும்.