சதுர மீட்டரால் அளக்கப்படும் மருத்துவக் கல்வி

அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஏழையின் உடல்மீதுதான் இந்நாட்டு மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைபழகினார்கள். முதல் ஊசி நரம்பைத் தவறவிட்டபோது வலித்தது கூலித் தொழிலாளியின் கை. பணம் படைத்தோர் பழகிய கைகளைத் தேடிப் போனார்கள். ஆகவே, முதல் பிழை பொம்மை உடலில் நிகழட்டும் என்னும் சிமுலேஷன் பயிற்சியை ஆடம்பரமென்று ஒதுக்குவது இடதுசாரிகளுக்கு அழகன்று. நமது சண்டை வேறு.

2019இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டுக்கு 150 மாணவர் வரை சேர்க்கும் கல்லூரியின் திறன் ஆய்வகத்துக்கு 600 சதுர மீட்டர், 200 அல்லது 250 என்றால் 800 சதுர மீட்டர் என்று இடத்தை அளந்து கொடுத்தன. தரையை அளப்பது எளிது. அங்கே பழகிய மாணவர் பிரசவ அறையில் உதிரப்போக்கை நிறுத்துகிறாரா என்று அளப்பதல்லவா மதிப்பீடு? சிமுலேஷனைப் ‘பாவனை’ என்று மொழிபெயர்க்க நான் தயங்கியதுண்டு. ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் உறை பிரிக்கப்படும் பொம்மைக்கு அச்சொல் பொருந்தத்தான் செய்கிறது.

தான்சானியாவின் ஹைடோம் மருத்துவமனையைப் பாருங்கள். பிறந்தவுடன் மூச்சுவிடாத சிசுவைக் காப்பாற்ற ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி தரப்பட்டது. மாதங்கள் கழித்துச் சோதித்தபோது பொம்மையிடம் அவர்களது திறன் கூடியிருந்தது. பிரசவ அறையிலோ நடைமுறை மாறவில்லை. பின்னர் பணியிடத்திலேயே குறுகிய பயிற்சி அடிக்கடி நடத்தப்பட்டது. அதன்பின், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நேரும் சிசு மரணம் குறைந்தது. பயன்பட்டதோ விலை குறைந்த எளிய பொம்மைதான்.

அடிக்கடி நடத்த வேண்டுமானால் ஆள் வேண்டும். பயிற்றுநர் சம்பளம், பழுதுபார்ப்பு, தேய்ந்துபோன செயற்கைத் தோலை மாற்றுவது என ஆண்டுதோறும் நிதி வேண்டும். இயந்திரம் வாங்கினால் திறப்பு விழா உண்டு. சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது! 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக 2017ஆம் ஆண்டுக் கொள்கை வாக்களித்தது; ஆண்டு கடந்தது, இலக்கு எட்டப்படவில்லை. மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் கல்லூரிகளோடு இணைக்கும் திட்டத்தையோ நிதி ஆயோக் 2020லேயே நீட்டிவிட்டது.

ஒவ்வொரு கல்லூரியும் திறன் ஆய்வகச் செலவுக் கணக்கை வெளியிட வேண்டும். பயிற்றுநர் பணியிடங்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். அந்த அறைகளின் கதவு அரசு மருத்துவமனைச் செவிலியருக்கும் திறக்கப்பட வேண்டும். இரவுப் பணியில் உதிரப்போக்கை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவரே.