சோளத் தோப்பியும் சோர்ந்த உழவனும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல், விராலிமலை, குன்றாண்டார்கோயில் பக்கம் செல்வோர் காண்பது வானம் பார்த்த நிலம். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிடின் சோளம், கம்பு, வரகு. இதுவே அம் மண்ணின் உழவன் வழிவழியாகப் போட்டுவந்த கணக்கு. இன்று அக் கணக்குப் பொய்த்துப் போயிற்று. ஒருபுறம் தாள் ஆலைகளுக்காக அரசே வளர்க்கும் தைலமரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. மறுபுறம், விளைந்த சோளம் மாட்டுக்குத் தட்டையாகவும் கோழிக்குத் தீனியாகவும் போகின்றதேயன்றி, விளைவித்தவனுக்கு உரிய விலையைத் தருவதில்லை.

ஆனால், அதே உழவன் மாலையில் அரசின் சாராயக் கடை வாயிலில் நிற்கின்றான். அங்கே அவன் வாங்கும் புட்டியில் இருப்பதென்ன? வடபுலத்து வாற்கோதுமையில் ஆக்கிய பீர். அல்லது கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்து நிறமூட்டிய எரிசாராயம். அவன் வயற்சோளத்தின் ஒரு மணிகூட அதில் இல்லை. புட்டியின் மேலுள்ள பெயரும் அவன் மொழியில் இல்லை. கடையை நடத்தும் அமைப்பிற்குத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்று பெயரிருந்தும், 'டாசுமாக்கு' என்னும் ஆங்கிலச் சுருக்கமே ஊர்வாயில் நிலைத்துவிட்டது!

கூலத்தில் குடிவகை ஆக்குவது தமிழனுக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை அச் செய்முறையையே நமக்குக் காட்டுகின்றது. அரிசியைக் கூழாக்கி, அகன்ற தட்டில் ஆற்றி, புளிப்பூட்டும் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்ட கள் அது. வீட்டிலே ஆக்கிய அக் கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். கள், நறவு, தேறல், மட்டு, பிழி, அரியல் என எத்தனைச் சொற்கள்! இவை வெறும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு கைத்தொழிலின் தடம். தொழில் அழிந்தது, சொல் அகராதிக்குள் அடைக்கலம் புகுந்தது. அந்த இடத்தில் 'பீர்' வந்து அமர்ந்தது.

தோப்பிக்கு ஒப்பான குடிவகை இன்றும் உயிரோடும் சந்தையோடும் இருக்கும் நிலம் ஆப்பிரிக்கா. அங்குச் சோளத்தை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி அரைத்து, கூழாகக் காய்ச்சிப் புளிக்கவைக்கின்றனர். எரிசாராயத்தின் வெறி அதற்கில்லை. சில நாள்களிற் கெட்டுவிடுவதால் அது தொலைவிற்குப் போகாது. எனவே ஊருக்கு ஊர் அதை ஆக்குவோர், பெரும்பாலும் பெண்கள், அதனாற் பிழைத்தனர்.

அந்தப் பிழைப்பின்மேல் வல்லாண்மை கை வைத்த கதையையும் நாம் அறியவேண்டும். தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதியில் 1908-இல் வெள்ளையராட்சி ஒரு சட்டம் செய்து, சோளக்கள்ளை ஆக்கி விற்கும் தனியுரிமையை நகராட்சிகளே எடுத்துக்கொள்ள வழிவிட்டது. தர்பன் நகராட்சி அவ்வாறே செய்தது. கறுப்பின மக்கள் குடித்த காசைக்கொண்டே அவர்களை அடக்கியாளும் செலவையும் ஈடுகட்டியது! 1929-இல் அந் நகரின் கறுப்பின மக்கள் நகராட்சிக் கள்ளுக்கடைகளைப் புறக்கணித்தனர். பெண்கள் தடியேந்தி மறியல் செய்தனர்.

தமிழ்நாட்டுக் கதை இதற்கு எவ்வளவு அணுக்கமானது! 1937-இல் சேலத்தில் தொடங்கிய குடிவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983-இல் வாணிபக் கழகம் அமைந்தது. 1987 சனவரி முதல்நாள் கள்ளும் பட்டைச் சாராயமும் தடுக்கப்பட்டன. ஆலைச் சாராயத்திற்கு மட்டும் கதவு திறந்தே இருந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. 2024-25-ஆம் ஆண்டில் அதனால் வந்த வருவாய் 48,344 கோடி உருபா. பனையேறியின் கலயம் குற்றம். முதலாளியின் புட்டி கருவூலம். இதுவா குடிவிலக்கு?

'சோளத்தில் ஆக்கும் குடிவகைக்குச் சந்தை ஏது?' என்று கேட்போர் உளர். நைசீரிய அரசு 1988-இல் வாற்கோதுமை இறக்குமதியைத் தடுத்தது. உடனே அந் நாட்டின் பெரிய ஆலைகளெல்லாம் உள்நாட்டுச் சோளத்திற்கும் மக்காச்சோளத்திற்கும் மாறின. அந் நாட்டு உழவனுக்குப் புதிய சந்தை பிறந்தது. தென்னாப்பிரிக்காவின் பெரிய சோளக்கள் நிறுவனமொன்று ஒருகாலத்தில் யார் கையிலிருந்தது தெரியுமா? பெங்களூர்ச் சாராய முதலாளி விசய் மல்லையாவின் கையில்! 2013-இல் அதன் பாதிப் பங்கை வெளிநாட்டுப் பெருநிறுவனம் ஒன்று விலைகொடுத்து வாங்கிற்று. தென்னாப்பிரிக்கச் சோளத்தில் ஊதியம் காணத் தெரிந்த முதலாளிகளுக்கு, காலடியில் விளையும் நம் சோளம் கண்ணிற் படவில்லை. சந்தை தானாக அழிவதில்லை. சட்டம் அதனை ஆக்குகின்றது, சட்டமே அழிக்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். 'திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தாரே! தனித்தமிழர் கள்ளுக்கு வழக்காடலாமா?' நேரிய வினா. குடியை நாம் போற்றவில்லை. குடியாத தமிழனே நமக்கு உயர்ந்த தமிழன். முற்றும் மூடுவதாயின் முதலில் ஆலைப் புட்டியை மூடுக. நாம் முன்னின்று வரவேற்போம். மூட மனமில்லையெனின், உழவனின் கலயத்தை மட்டும் உடைப்பதற்கு எந்த அறமும் இடந்தராது. வள்ளுவர் கள்ளை விலக்கினார். கள்ளை விலக்கி எரிசாராயத்தை விற்குமாறு எவர்க்கும் சொன்னாரில்லை. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதிற்கும் மேற்பட்ட உயிர்களை நச்சுச் சாராயம் குடித்தது. மென்மையானதை ஒழித்து வன்மையானதை வளர்த்த ஆட்சிமுறைக்கு அதிற் பங்கில்லை என்று யார் சொல்வார்?

எனவே நாம் கேட்பன இவை. சோளம் முதற்கண் உணவு. கேழ்வரகைப்போல் அதனையும் அரசு உரிய விலைக்கு உழவனிடமே கொள்முதல் செய்து பங்கீட்டுக் கடைகளில் வழங்குக. கள்ளிற்கும் கூலத் தோப்பிக்கும் உள்ள தடையையும் ஆலைச் சாராயத்திற்குள்ள இசைவையும் ஒரே துலையில் நிறுத்துக. விற்பனைக்கு இசைவு தருவதாயின் பனையேறிகளும் உழவரும் பெண்களும் அமைக்கும் கூட்டுறவுகளுக்கே தருக. தர்பன் நகராட்சியைப்போல் அரசு அதனையும் தன் தனியுரிமையாக்கிக்கொள்ள விடற்க.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த கசாப் புயல் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துத் தென்னைகளை வேரோடு சாய்த்தது. ஓர் இரவிற் சாய்ந்த தென்னைக்கு நாடே அழுதது. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகச் சட்டத்தாலும் விலையாலும் சிறிது சிறிதாகச் சாய்ந்துவரும் புன்செய் உழவனுக்கு எவரும் அழவில்லை. அழுகையை அவன் வேண்டவுமில்லை. தன் சோளத்திற்குத் தன் மண்ணில் ஒரு விலை, தன் தொழிலுக்குத் தன் மொழியில் ஒரு பெயர். இவ்விரண்டையே அவன் வேண்டுகின்றான். இவற்றைப் பெற்றுத்தர முடியாத தமிழுணர்ச்சி மேடைக்கு மட்டுமே உரியது, வயலுக்கு உரியதன்று!