பூ வைத்த துப்பாக்கி

நெல் நடவு முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் குடகில் கைல்போள்து பண்டிகை வருகிறது. கொடவர்கள் அன்று துப்பாக்கிகளைப் பூஜையில் வைத்து, செங்காந்தள் பூவால் அலங்கரிப்பார்கள். தமிழ்நாட்டின் மாநில மலருக்கு அங்கே 'தோக் பூ', அதாவது துப்பாக்கிப் பூ, என்று பெயர். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டியும் உண்டு. பெங்களூரில் குடியேறிய கொடவர்களும் இந்தப் பண்டிகையைக் கைவிடவில்லை.

உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்திருக்கக் கொடவர்களுக்கு பிரிட்டிஷ் காலம் தொட்டு விலக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019-ல் அதைப் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. எதிர்த்து வந்த வழக்கில் 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. யார் வைத்திருக்கலாம் என்று இவ்வளவு வாதாடுகிறோம். எப்படிப் பராமரிப்பது என்பது பேச்சிலேயே வருவதில்லை.

ஈயச் சன்னங்களைச் சுடும் வழவழப்பான குழலில் தொல்லை குறைவு. ரைஃபிள் குழலுக்குள் சுருள் பள்ளங்கள் இருக்கின்றன. குண்டின் மேல் செம்புக் கலவை உறை இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் உறையில் கொஞ்சம் உரசிப் பள்ளங்களில் ஒட்டும். அதன்மேல் வெடிமருந்துக் கரி, மறுபடி செம்பு. நாளடைவில் குறி விலகும். குடகு மழையின் ஈரம் படிவுக்கடியில் தங்கினால் எஃகும் துருப்பிடிக்கும்.

வீட்டுச் செம்புக் குடத்துக்குப் புளி போதும். எஃகுக் குழலுக்கு அந்த அமிலம் ஆகாது. அம்மோனியா கலந்த கரைப்பான்தான் வழக்கம். உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கரைப்பானில் நனைத்த துணியைக் கூடியவரை பின்பக்கத்திலிருந்து செலுத்த வேண்டும். குழல் வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி கெட்டுவிடும். துணி நீலமாக வெளிவந்தால் செம்பு கரைகிறது என்று அர்த்தம். வெண்கலத் தூரிகை போட்டாலும் அதே நீலம் தெரியும், ஏமாறக் கூடாது. கரைப்பானை அதிக நேரம் ஊறவிடாமல் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும்.

தினமும் சுரண்டுவதும் தவறு. முழுக்கச் சுத்தமான குழலில் முதல் சில குண்டுகள் சற்று விலகிப் போவதுண்டு. குறி தவறத் தொடங்கும்போது கவனித்தால் போதும்.

தேங்காய் தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் குண்டு எங்கேயோ போய் விழுந்துதான் ஆகும். சட்டம் நம்பிக் கொடுத்த ஆயுதத்துக்குப் பூவோடு ஒரு துண்டுத் துணியும் தேவை.