கருமத்தம்பட்டி மாதா கோவிலும் ஒரு ராஜினாமாவும்

பெருந்துறையில் கோவை பஸ் ஏறினால் அவினாசி தாண்டியதும் கருமத்தம்பட்டி வரும். ஜெபமாலை அன்னை ஆலயம் இங்கேதான். 17-ஆம் நூற்றாண்டில் வேர்விட்ட பழைய பங்கு. திருவிழா, தேர், கூட்டம்... இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத கதை ஒன்று உண்டு.

1846 அக்டோபர் 4 அன்று இந்த ஊரில்தான் மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயரானார். வயது 32. உள்ளூர் ஆட்களே குருக்களாக, ஆயர்களாக வரவேண்டும் என்பதில் அவருக்குப் பிடிவாதம். கூட இருந்த ஐரோப்பியப் பாதிரியார்கள் பலருக்கு அதில் சம்மதமில்லை. போதாக்குறைக்கு, கிறிஸ்தவர்களிடையே சாதி வழக்கங்களை எதுவரை அனுமதிப்பது என்ற தகராறு வேறு. மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, பதவியை விட்டுவிட்டார். (இன்றைக்கு யாராவது விடுவார்களா, சொல்லுங்கள்!) 1856-இல் லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்காக ஒரு மறைபரப்புச் சபை தொடங்கினார். 1859-இல் ஃப்ரீடவுனில் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

பங்கு வரலாறு என்றால் கோபுரம் எப்போது கட்டியது, மணி யார் கொடுத்தது என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தச் சண்டையையும் எழுத வேண்டும். கோவை மறைமாவட்டத்துக்கு ஒரு இந்திய ஆயர் வந்தது 1940-இல்தான்.