குழியும் சுழியும் கீழ்பவானி வாய்க்காலும்

போன வாரம் ரேஸ்கோர்ஸில் காலை நடை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பர்கள் இருவருக்குள் கீழ்பவானி வாய்க்கால் பற்றிச் சண்டை வந்துவிட்டது. ஒருவருக்குப் பெருந்துறைப் பக்கம் தோட்டம். இன்னொருவருடைய சம்பந்தி வீடு கடைமடையில்.

"கான்கிரீட் போட்டு வழவழன்னு பண்ணீட்டா, குழியில சுத்திச் சுத்தி வீணாப் போற தண்ணியெல்லாம் மிச்சமுங்க" என்றார் கடைமடைக்காரர்.

"அட போங்க, கோல்ப் பந்துல எதுக்குங்க அத்தனை குழி? குழி இருந்தாத்தானுங்க வேகமே" என்றார் தோட்டக்காரர். பேரன் செல்போனில் காட்டினானாம்.

இரண்டுமே தப்பு. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். டீ ஆறிவிடுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

முதலில் பந்துக் கதை. அந்தக் காலத்தில் கோல்ப் பந்து வழவழப்பாகத்தான் இருந்தது. அடிபட்டுத் தழும்பேறிய பழைய பந்து புதுப் பந்தைவிடத் தூரம் போவதை ஆடுகிறவர்கள் கவனித்தார்கள். 1905-இல் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலேயர் பந்தில் குழி போடுவதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார். காரணம் பின்னால்தான் புரிந்தது. 1912-இல், கோபுரம் கட்டிய அதே ஈஃபெல், பாரீஸில் தம்முடைய காற்றுக் கூடத்தில் உருண்டைகளை வைத்து அளந்தார். ஒரு வேகத்தைத் தாண்டினால் காற்றின் தடை பாதிக்கும் கீழே சட்டென்று இறங்கியது. ஜெர்மனியில் பிராண்டல் அளந்த கணக்கோடு அது ஒத்துப்போகவில்லை. 1914-இல் பிராண்டலே உருண்டையைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் ஒன்றை மாட்டிப் பார்த்துப் புதிரை அவிழ்த்தார். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஈஃபெல் பெயர் வந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன், மன்னிக்கவும்.)

விஷயம் இதுதான். பறக்கிற பந்துக்குப் பின்னால் காற்று பிய்ந்துபோய்ப் பெரிய பெரிய சுழியாகச் சுற்றும். அந்தச் சுழிக் கூட்டம்தான் பந்தைப் பின்னால் இழுக்கிறது. குழிகள் பந்தின் தோலை ஒட்டிய காற்றைக் கொஞ்சம் கலக்கிவிடுகின்றன. கலங்கிய காற்று பந்தின் முதுகுப்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் பின்னால் உண்டாகும் சுழிப் பட்டை ஒடுங்குகிறது. சின்னச் சுழியைக் கொடுத்துப் பெரிய சுழியைத் தவிர்க்கிற பேரம்.

வாய்க்காலில் அந்தப் பேரத்துக்கு இடமே இல்லை. தண்ணீர் எதையும் சுற்றிக்கொண்டு போகவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டு போகிறது. குழியின் விளிம்பைத் தாண்டும் நீர் உள்ளே இறங்குவதில்லை, மேலாகவே போய்விடும். குழிக்குள் இருக்கும் நீர் உருளை மாதிரி தலைகீழாகச் சுற்றும். அதில் வேப்பிலை ஒன்று மாட்டிக்கொண்டு கிறுகிறுப்பதை நாமெல்லாம் குத்தவைத்துப் பார்த்தவர்கள்தானே! அந்தச் சுழி ஓட்டத்தின் விசையைத் தின்கிறது. ஆக, தோட்டக்காரரே, குழி வாய்க்காலுக்கு வேகம் தராது. பொறியாளர்கள் வைத்திருக்கும் கரடுமுரடு எண், மண் வாய்க்காலுக்குச் சுமார் 0.025, கான்கிரீட்டுக்குச் சுமார் 0.015. அதே சரிவு, அதே ஆழம் என்றால் கான்கிரீட்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேகம்.

இனிக் கடைமடைக்காரரிடம் வருகிறேன். சுழி தின்பது விசையை. தண்ணீரை அல்ல! குழி ஒருமுறை நிரம்பிவிட்டால், வந்து சேருகிற நீர் அவ்வளவும் கடந்துதான் போகும். வேகம் குறைந்தால் மட்டம் உயரும், அதனால் கசிவும் சற்றுக் கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் குறைவது மண்ணுக்குள் இறங்குவதாலும், ஆவியாவதாலும், வழியில் எடுப்பதாலும்தான். வழவழப்பு என்பது வேகக் கணக்கு. கசிவு என்பது அளவுக் கணக்கு. இரண்டு கோப்புகளை ஒரே நாடாவில் கட்டி மேசைக்கு அனுப்பினால் எங்கள் சூப்பிரண்டு முகத்தில் எறிவார்.

1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் வாய்க்கால் இது. 2020-இல் 709 கோடி ரூபாய்க்குச் சீரமைப்பு அரசாணை வந்ததிலிருந்து ஊரே இரண்டு பட்டுக் கிடக்கிறது. கசிகிற நீர் கிணறுகளில் ஊறித் தென்னையையும் மஞ்சளையும் காப்பாற்றுகிறது என்பது ஒரு தரப்பு. வாய்க்கால் தண்ணீருக்கென்றே காத்திருக்கும் கடைமடைக்குப் பாத்தியதை இல்லையா என்பது மறுதரப்பு. இரண்டும் நியாயமான பேச்சு. இதற்கு நடுவே "வழவழன்னு பண்ணினால் மிச்சம்" என்பதைச் செருகுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு. கசிவைக் குறைக்கத்தான் கான்கிரீட் என்றால், யார் கிணறு வற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். வழவழப்பை முன்னால் நிறுத்திக் கிணற்றை மறைக்காதீர்கள்.

சுழிக்குப் பயப்பட வேண்டிய இடமும் உண்டு. பாலத்தூணின் அடியில், மதகு வாயில் கீழே, வளைவின் வெளிக்கரையில் அது மண்ணை அள்ளும். அள்ள அள்ளக் குழி பெரிதாகும், கடைசியில் கரையே போகலாம். அந்த இடங்களில் கல்லோ கான்கிரீட்டோ தாராளமாகப் போடட்டும். அதற்காக 200 கிலோமீட்டரையும் பூச வேண்டுமா?

நாளைக் காலை இருவரிடமும் இதைப் படித்துக் காட்டப்போகிறேன். டீ என் செலவு.